மலையில் மட்டும் இறங்கும் பேட்டரி

போன வாரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வந்தார். மூடிகளைத் திருகித் திறந்ததுதான் தாமதம், அடுப்படி வரைக்கும் ஆசிட் வாடை வந்துவிட்டது. துருப்பிடித்த ஆணியைப் புளித்த தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி ஒரு வாடை. மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அந்த வாடை வந்தாலே யாரோ என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். வந்தவர், "பேட்டரி நல்லாத்தான் இருக்குதும்மா, இன்னும் ஓடும்" என்றார். நான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்க வேண்டும். "நெசமாத்தாம்மா" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என் புத்தி அப்படி ஆகிப்போன கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் எத்தனை கை மாறியது என்று அந்த வண்டிக்கே தெரியாது. காலையில் உரமூட்டையோ மளிகைச் சாமானோ ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவார். திரும்பும்போது கரியாலூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சமவெளியில் இருந்த ஜவ்வரிசி மில்லுக்கு இறங்குவார். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளிதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிடுங்கிய கிழங்கைச் சட்டென்று மில்லில் சேர்க்க வேண்டும். ஒரு ராத்திரி வண்டியிலேயே கிடந்தால் கறுக்க ஆரம்பித்துவிடும், மில்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான்.

அந்த வண்டிக்கு பேட்டரிதான் வியாதி. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் சந்தே சேர்ந்து தள்ளும். வண்டி கிளம்பிய பிறகு, தள்ளியவர்கள் எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்குவதும் நான் சொம்பில் தண்ணீர் கொடுப்பதும் தினப்படிச் சடங்கு. இவர் எந்நேரமும் பேட்டரியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்ததால், சட்டையெல்லாம் ஆசிட் பட்டுப் பொடிப்பொடியாக ஓட்டை. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள் புருஷன் சல்லடை போட்டுக்கொண்டு திரிகிறான் என்று ஆள்கள் சிரித்தார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் அவர் மலையில் தங்க ஆரம்பித்தார். மாதத்தில் ஒருநாள் என்று தொடங்கியது, வாரத்தில் ஒருநாளாயிற்று, அதற்கும் மேலாயிற்று. மறுநாள் காலையில் வந்து நின்றுகொண்டு ஒரே பதில்தான் சொல்வார்: "பேட்டரி எறங்கிடுச்சி." செல்போன் வராத காலம். ராத்திரி முழுக்க, வண்டி உருண்டதோ, யானை மறித்ததோ என்று கண்டதையும் நினைத்துக்கொண்டு கிடப்பேன். கல்வராயன் மலையில் யானை ஏது என்று கேட்காதீர்கள், பயப்படுகிறவளுக்கு எல்லா மலையிலும் யானை உண்டு.

ஒருநாள் பேச்சுவாக்கில், "சின்னப்பொண்ணு கடையில டீ குடிச்சிட்டு அங்கியே படுத்துட்டேன்" என்றார். அதோடு யானை போய்விட்டது. அந்த இடத்தில் சின்னப்பொண்ணு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த செல்வி, தன் புருஷனோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்டரிக் கடை வைத்திருந்தாள். கடைக்குள் நுழைந்தாலே கண் எரியும். அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒரு பேட்டரியைத் துடைத்துக்கொண்டே, "மலையில பேட்டரி எறங்குனா இன்னாடி? சரிவு பாத்து நிறுத்திட்டு உருட்டி வுட்டா வண்டி தானா ஸ்டார்ட் ஆயிடுமே" என்றாள். அன்று ராத்திரி சோறு போடும்போது அதையே அவரிடம் கேட்டேன். இஞ்சின் ஓடாமல் லோடு வண்டியைச் சரிவில் உருட்டினால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்றார். அதுவும் உண்மைதானாம், செல்வியின் புருஷன் சொன்னான். ஆனால் அவர் பதில் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

வண்டியில் நிஜமாகவே கோளாறு இருக்கிறதா என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். செல்வி ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் வைத்துக் கட்டிக் கொடுத்து, விவரமும் சொன்னாள். சாவியை எடுத்துவிட்டு, கதவையெல்லாம் சாத்திவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்ற வேண்டும். அந்தக் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் பல்பைப் பிடிக்க வேண்டும். பல்பு எரிந்தால், நிற்கிற வண்டி எங்கேயோ கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால், எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் திருடன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் மூக்கைத் திறந்தேன். பல்பைப் பிடித்தேன். எரிந்தது! மங்கலாகத்தான், ஆனாலும் எரிந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பொய் இல்லை, பேட்டரி நிஜமாகவே இறங்குகிறது. பிறகு ஃபியூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தேன். பழைய சொந்தக்காரன் யாரோ சீட்டுக்கு அடியில் பாட்டுப் பெட்டிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்து, ஒயரில் ஒரு ஃபியூஸ் மட்டும் போட்டு அதை நேராகப் பேட்டரிக்கு இழுத்திருந்தான். பாட்டுப் பெட்டி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதன் ஆம்ப்ளிஃபயர் மட்டும் ராப்பகலாகக் கரண்டைக் குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தது. அந்த ஃபியூஸைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது.

அதோடு அவரை எழுப்பிச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தேகம் பிடித்தவளுக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். ஃபியூஸை முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டியின் மூக்கைச் சத்தமில்லாமல் மூடினேன். இப்போது வண்டி சரி. அவருக்கு அது தெரியாது. இனி என்ன சொல்கிறார் பார்ப்போம்.

அடுத்த வாரம் அவர் செல்வி கடையில் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தியபோது, அவள் இஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாள். பெல்ட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாளாம். சாயந்தரம் ஜாக்கெட் வாங்க வந்தவள், "சார்ஜெல்லாம் ஜோரா ஏறுதுடி. வண்டியில ஒரு கொறையும் கெடையாது" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். காலையில் தள்ளுகிற சடங்கும் நின்றுபோயிருந்தது. சந்துக்காரர்கள் புது பேட்டரியா என்று கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மலையிலிருந்து வரவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பேட்டரி எறங்கிடுச்சி."

சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்து பார்த்தேன். புகை வாடையும் மண் வாடையும் அடித்தது. அதிலிருந்து என்ன கண்டுபிடிக்க முடியும்? அன்று தைத்த ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

மறுவாரம், கரியாலூர் அருவியைப் பார்க்க வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். அருவியில் இப்போது தண்ணீர் கம்மி என்றார். பரவாயில்லை என்றேன். ரோடு சரியில்லை என்றார். அதுவும் பரவாயில்லை என்றேன். எங்கள் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கரியாலூரில் அவள் கடையில்தான் வண்டியை நிறுத்தினார். சின்னப்பொண்ணு பேரில்தான் சின்னப்பொண்ணு. என் வயதுதான் இருக்கும். உரல் மாதிரி உடம்பு, நல்ல களையான முகம். "வா அக்கா" என்று கூப்பிட்டு எனக்கு டீ ஆற்றினாள். அவருக்குக் கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போட்டாள். அதைப் பார்த்தேன். டம்ளரை அவர் முன்னால் வைக்காமல் கையிலேயே கொடுத்தாள். அதையும் பார்த்தேன். அவர் எழுந்தபோது, "அண்ணே, பொழுதோட எறங்கிடுங்க" என்றாள். எனக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டதால் கிழங்கு ஏற்ற நேரமாகிவிட்டது. அவர் நிலைகொள்ளாமல் வானத்தைப் பார்ப்பதும், ஏற்றுகிற ஆள்களை விரட்டுவதுமாக இருந்தார். கிளம்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று வளைவுதான் இறங்கியிருப்போம். வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினார். சாவி அப்படியே தொங்கியது. "பேட்டரி எறங்கிடுச்சி போலக்கீது" என்று இறங்கினார்.

என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. நானும் இறங்கினேன். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. புங்கமரத்து இலைகூட எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் மட்கார்டைத் தடவிக்கொண்டே வண்டியின் முன்பக்கம் போனார். மூக்கைத் தூக்கிவிட்டு உள்ளே கையை நீட்டினார். கை பேட்டரியைத் தாண்டிப்போய் ரேடியேட்டர் மேல் படிந்தது. பிறகு திரும்பி வந்து, தேடித் தேடி, பேட்டரியைத் தொட்டது.

நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்தது.

அவர் பேட்டரியிலிருந்து கையை எடுத்தார். "பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். போன மழைக்கு முன்னாலிருந்தே என்றார். "மொதல்ல நானும் சார்ஜ்தான் ஏறலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். லைட்டு மங்குதுன்னு பல்பு மாத்துனேன். பேட்டரியவே மாத்துனேன். ஒருநாளு எதுக்க வந்த ஜீப்புக்காரன், லைட்டக் கொறைய்யா, கண்ணு கூசுதுன்னு திட்டிட்டுப் போனான். அப்பத்தான் தெரிஞ்சிது, வண்டியில ஒண்ணுமில்லன்னு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா வண்டிய வித்துடச் சொல்லுவ" என்றார். சொல்லியிருப்பேன்தான். அந்த வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"அந்தக் கடைக்காரிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அந்த ஒரு சொல்லுக்கு, நான் பயந்தது நடந்திருந்தாலே தேவலாம் போலிருந்தது. விடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கிழங்கு கறுத்துப்போயிற்று.

பாண்டிச்சேரியில் கண் டாக்டர், இது நரம்பு சம்பந்தப்பட்டது, குடும்பத்தில் வருவது, கண்ணாடிக்கு அடங்காது என்றார். களமருதூரில் இருந்த என் மாமியார் விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு நகர மாட்டார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று மருமகள்கள் நாங்கள் காதைக் கடித்துக்கொண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வண்டியை விற்றோம். வாங்க வந்தவரிடம் எந்தக் கோளாறு எங்கே இருந்தது, எந்த ஃபியூஸைப் பிடுங்கினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறெதையோ மறைக்கிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தார். இவருக்கு ஜவ்வரிசி மில்லில் எடை பார்க்கும் வேலை கிடைத்தது. பகல் வேலை. நான் இன்னொரு மிஷின் போட்டேன்.

என் சந்தேகம் அதோடு தீர்ந்ததா? குடும்பத்தில் வருவது என்று டாக்டர் சொன்னாரே. சாயந்தரமானால் விளக்கைப் போடாமல் தரையில் பொத்தான்களைக் கொட்டிவிட்டு, "பொறுக்கிக் குடுடா" என்பேன் மகனிடம். அம்மா எதையும் கைநழுவ விடுகிறவள் என்றே அவன் வளர்ந்தான். ஒருநாள் ஒரு பொத்தான் குறைந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால் அது மிஷினின் மிதிகட்டைக்கு அடியில் கிடந்தது. அவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சென்னையில் கார் ஓட்டிக்கொண்டு அவன்பாட்டுக்கு இருக்கிறான்.

போன பொங்கலுக்கு வந்தவன் எங்களை மலைக்குக் கூட்டிப்போனான். இவருக்கு இப்போது பகலிலும் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுதான் தெரிகிறது. அகலமான ரோடு, வளைவுக்கு வளைவு மினுங்குகிற பட்டை. பிக்கப்பை ஓரங்கட்டிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. செல்வியின் பேட்டரிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது என்று வழியில் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கரியாலூரில் சின்னப்பொண்ணு கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதியின் மதில் நின்றது.

இவர் இறங்கி நின்று, கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். அவளிடம் மட்டும் ஏன் முதலில் சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி.

"நான் எங்க சொன்னேன்? டம்ளர மேசைக்கு வெளிய வச்சி ஒடச்சிட்டேன். ஒடனே புரிஞ்சிக்கிச்சி."

அவர் சட்டையை முகர்ந்து பார்த்தவள், வண்டியின் ஃபியூஸை எல்லாம் பிடுங்கிப் பார்த்தவள் நான்.

அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது. விடுதி வாசலில் இருந்தவரைக் கேட்டேன். கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எதிரே சோளம் சுட்டு விற்றவளோ, திருப்பூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெயரில் யாரும் இங்கே இருந்ததே இல்லை என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். இவர் மதிலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.