தண்ணி குடிக்காத பாறை

சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிங்க. கல்லுக்கு உயிர் இருக்குன்னு யாராவது சொன்னா நானும் விழுந்து விழுந்து சிரிச்சவன்தான். காக்ஸ் டவுன்ல வரிசையா பங்களா எழும்பிட்டிருந்த காலம், தொம்மலூர் தாண்டி ஒரு சரிவுப் பாறையில எனக்கும் எங்க அண்ணனுக்கும் கல்லெடுக்கற வேலை. வெடி கிடி கிடையாது. பாறை மேல விறகை எரிச்சு, சூட்டுல மேல்கல்லு பாளமா விட்டுவர அந்த நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திட்டே போகணும், அது அண்ணன் வேலை. நான் சுத்தியால தட்டிச் சத்தம் கேக்கணும். உள்ள காலியா இருக்கற மாதிரி சத்தம் மாறிச்சுன்னா கல்லு அடியில விட்டுப்போச்சுன்னு அர்த்தம், உடனே குரல் குடுக்கணும், இல்லேன்னா கல்லோட ஆளும் சறுக்கிப் போயிடுவான்.

நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி பாறைக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தி, "சூடு வைக்கறோம், பொறுத்துக்கோ தாயே"ன்னு சொல்றது எங்க ஆளுங்க வழக்கம். ஒரு நாள் மார்கழிப் பனி, ஏறறப்போ எனக்குக் கால் வழுக்கிக் குடம் கொட்டிப்போச்சு. மறுபடி யாரு குட்டைக்கு எறங்கறது?

"ஊத்திட்டியாடா?"ன்னு அண்ணன் கேட்டாரு.

"ஊத்திட்டேண்ணா"ன்னுட்டேன்.

பனியும் புகையும் கலந்து ஒண்ணும் தெரியல, அண்ணன் நிழலாட்டம் நெருப்போட நகர்ந்துட்டிருந்தாரு, நான் தட்டிட்டே இருக்கேன், கண்ணு சொக்குது. அப்போ, நம்பினா நம்புங்க, எனக்கடியில பாறை மெதுவா மேல வந்து கீழ போச்சு, படுத்திருக்கற மாட்டு வயிறு மாதிரி. பயமே வரல, சுகமா இருந்திச்சு. மறுபடி தட்டினேன். இரும்பு கல்லுல படுது, கை அதிருது, சத்தம் மட்டும் இல்ல. பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட வாயைத் தொறந்தா எனக்கும் குரல் இல்ல.

அண்ணன் தானா இந்தப் பக்கம் தாவினாரு. அவர் நின்னுட்டிருந்த கல்லு அப்படியே சரிவுல எறங்கிப்போச்சு. அவரைக் கட்டிப்பிடிச்சு அழுதேன்.

"நல்லவேளை நீ கத்தினேடா"ன்னாரு.

"நான் எங்கண்ணா கத்தினேன்?"

"தண்ணி ஊத்தலண்ணா, பொய் சொல்லிட்டேன், தாவிடுண்ணான்னு கத்தினியே. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

நான் ஊத்தலங்கறது அங்க வேற யாருக்கும் தெரியாது. அண்ணன் கோவப்படல, தம்பி காப்பாத்தினான்னு இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்றாரு. எனக்குத்தான் வெறும் பாறை மேல நடக்கறப்போ பேசவே பயமா இருக்கு, நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அது என் குரல்ல பேசிடுமோன்னு.