முந்தானையில் முடிந்து வைத்த உப்பு

பேய், முனி, காத்துக் கருப்பு என்று எவராவது என் முன்னால் ஆரம்பித்தால் நான் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஐந்தருவிப் பக்கம் முப்பது வருசத்துக்கு மேலாக எண்ணெய்ப் பாக்கெட்டும் சீயக்காயும் துண்டும் விற்றவள் நான். சீசன் ஓய்ந்து ஆள் நடமாட்டமே இல்லாத நாளில்கூட அங்கிருந்து இலஞ்சிக்குத் தனியாக நடந்து வீடு வந்திருக்கிறேன், ஒன்றும் என்னைப் பிடிக்கவில்லை. அந்த எண்ணெய் விற்ற காசில் கட்டிய வீட்டில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்துத் தெரியும், அதனால் வாயில் வருகிறபடியே சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நான் பொய் சொல்லுகிறவள் இல்லை என்பதை இந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஒரே மகன் கொம்பையா. லாரி ஓட்டினான், இங்கிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளாவுக்கு. நல்ல பிள்ளைதான், இடையில் கஞ்சா பழகிவிட்டான். எப்போது பழகினான், எதற்குப் பழகினான் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. வீட்டுக்குள் ஊதமாட்டான், கொல்லையில் தென்னை மூட்டில் நின்று ஊதிவிட்டு வந்து கட்டை போல உறங்குவான். என் மருமகள் செல்வி பொறுத்துப் பார்த்தாள், கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவேங்கடத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் இவனுக்கு ரோசம் வந்தது. மிச்சமிருந்த பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, "எம்மா, இனி தொடமாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், கஷ்டமே அதற்குப் பிறகுதான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். சாரல் குளிரிலும் வேர்த்துப் பாய் நனைந்துவிடும். காப்பி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். ஈ பறந்தால்கூட எரிந்து விழுவான். உறக்கமே கிடையாது, அப்படியே கண் அசந்தாலும் ஒரு அலறல் அலறி எழுந்து உட்கார்ந்துகொள்வான். தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். கஞ்சா குடிக்கிற காலத்தில் கனவு அமுங்கிக் கிடக்குமாம், நிறுத்தினால் சேர்த்து வைத்துக் கொட்டுமாம், கொஞ்ச நாளில் அடங்கிவிடும், விடாமல் தண்ணீர் குடிக்கட்டும், தனியாக விடாதீர்கள் என்றார்கள். என்ன கனவுலே என்று நான் கேட்டால் மட்டும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

விடிந்ததும் அருவிக்குக் கூட்டிப் போவேன். தலைமேல் தண்ணீர் அறைகிற நேரம் மட்டும் அவன் முகம் பழைய முகமாக இருக்கும். "அங்கன நிக்கும்போதுதாம்மா மண்டைக்குள்ள சும்மா இருக்கு. நாள் பூரா அதுக்குள்ளயே நிக்க முடியுமா?" என்பான். ஒருநாள் திரும்பி வரும் வழியில் பெட்டிக்கடை ஓரம் நின்ற ஒரு பையனை இவன் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பையன் என்ன விற்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் இவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கோழி குஞ்சைக் காப்பது போல எத்தனை நாள் காப்பது?

அன்றைக்குத்தான் செல்வி போன் பண்ணினாள். "யத்தே, அவரு அலறாம ஒறங்குதாருன்னு நீங்க ஒங்க வாயால சொல்லுங்க, அன்னைக்கே பஸ் ஏறுதேன். அவரு சொன்னா நம்பமாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன். பிள்ள பயப்படுதா யத்தே" என்றாள். நான் என்ன சொல்ல முடியும்? இன்னும் அலறுகிறான் என்றேன். "சுத்தியாவது போட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனாலும் நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது பாருங்கள். மத்தியானம் கல்லுப்பு, மிளகாய் வத்தல், கடுகு மூன்றையும் கைப்பிடியாக எடுத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்து, தலையைச் சுற்றினேன்.

"ஏம்மா, வத்தலச் சுத்துனா கஞ்சா போயிருமா? அப்ப போலீஸ்காரனுவள மூட மூடையா வத்தல் வாங்கி வைக்கச் சொல்லு" என்றான்.

"வாய மூடிக்கிட்டு இருலே. மூணு தடவ துப்பு."

துப்பினான். சுற்றியதை உடனே நெருப்பில் போட வேண்டும், இல்லாவிட்டால் முச்சந்தியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். கையில் வைத்துக்கொண்டிருந்தால் வைத்திருக்கிறவர் மேல் ஏறிவிடும் என்பார்கள். வெளி அடுப்பு சாரலில் நனைந்து கிடந்தது. கேஸ் அடுப்பில் போட்டால் உப்பு வெடித்துப் பர்னர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும், புது அடுப்பு வேறு. தெருவில் இறங்க முடியாதபடி மழை வலுத்துவிட்டது. மழை விடட்டும், முச்சந்தியில் கொண்டு போய்ப் போட்டுக்கொள்வோம் என்று அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்தேன். பர்னருக்குப் பயந்து நான் செய்த காரியம் இது. அப்படியே உறங்கிப்போனேன்.

எனக்குக் கனவு வருகிற பழக்கம் கிடையாது. அன்றைக்கு வந்தது. பெரிய வட்டமாக ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது. கையைப் பார்த்தால் அது என் கை இல்லை, கொம்பையாவின் கை, அவன் கட்டுகிற கறுப்புக் கயிறு மணிக்கட்டில் கிடக்கிறது. பின்னால் வைக்கோல் வாசம். பக்கத்தில் கிளீனர் பையன் வாயைத் திறந்து உறங்குகிறான். சைக்கிளைத் தவிர ஒன்றையும் உருட்டியறியாதவள் நான், கியர் மாற்றிக்கொண்டு புளியறை வளைவில் ஏறுகிறேன். லைட் வெளிச்சத்தில் தூறல். திடீரென்று நடு ரோட்டில் ஒரு பெரியவர், தலையில் சிவப்புத் துண்டு, பின்னால் பலாப்பழம் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பிரேக்கை மிதிக்கிறேன், மிதிக்கிறேன், டக் என்று ஒரு சத்தம்.

வண்டி நின்றது. நான் இறங்கினேன். பழம் பிளந்து ரோடெல்லாம் சுளை, மணம் மூக்கைத் துளைக்கிறது. சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன், யாரும் இல்லை. நிமிர்ந்தால், ரோட்டோரக் கட்டைச் சுவரில் அந்தப் பெரியவர் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, "எந்தா இத்ர வைகியது?" என்றார். வருவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று மலையாளத்தில் கேட்கிறார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வெகுநேரம் காத்திருந்தவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

முழித்துப் பார்த்தால், கொம்பையா தரையில் உட்கார்ந்து என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"எம்மா, எதுக்கும்மா பெட்டிய இந்த மிதி மிதிக்க?"

கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியை என் கால் மிதித்து அதை நசுக்கியே விட்டிருந்தது. "பிரேக் பிடிக்கலலே" என்றேன், எனக்கே தெரியாமல்.

"எந்த வண்டி?"

"வைக்கோல் வண்டி. செவப்புத் துண்டு கெட்டின ஒரு பெரியவரு..."

அவன் முகம் வெளுத்துப்போனது. பிறகுதான் சொன்னான். அவன் கனவும் அதுதானாம். கனவு மட்டும் இல்லை, நடந்ததாம், கலியாணத்துக்கு முந்தி. "டக்குன்னு சத்தம் கேட்டுச்சும்மா. நான் எறங்கல. பயந்துட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன். திரும்பி வரும்போது பாத்தா சைக்கிளும் இல்ல, ஆளும் இல்ல, ரத்தமும் இல்ல. சுளைதான் நசுங்கிக் கெடந்துது. யார்ட்டயும் கேக்கவும் தைரியம் இல்ல. கண்ண மூடுனா அந்தச் சத்தம். அத அமுக்கத்தாம்மா குடிச்சேன்." அவன் கனவு அந்த டக் சத்தத்தோடு அறுந்துவிடுமாம். ஒருநாளும் கனவில்கூட அவன் இறங்கிப் பார்த்ததில்லை.

"நான் எறங்கிப் பாத்தேம்லே. அவருக்கு ஒண்ணும் இல்ல. செவத்துல உக்காந்து முட்டியத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு" என்றேன்.

நாற்பது வயது ஆம்பளை என் மடியில் விழுந்து அழுதான். அழுது முடித்துப் பசிக்கிறது என்றான். சோறு வாங்கித் தின்றான், படுத்தான், சத்தமில்லாமல் உறங்கினான். நான் முந்தானையை அவிழ்த்தேன். வத்தலும் கடுகும் இருந்தன, உப்பு இல்லை, துணி ஈரமாக இருந்தது. சாரல் காலத்து உப்பு கசியும்தான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை முச்சந்தியில் எறிந்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, மகன் உறக்கத்தில் உளறியது உங்கள் காதில் விழுந்திருக்கும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை அவன் எப்படி உளறுவான், அவன்தான் பார்க்கவே இல்லையே?

அதற்குப் பிறகு அவனுக்கு அந்தக் கனவு வரவில்லை. கஞ்சாவையும் தொடவில்லை. செல்விக்கு நானே போன் போட்டு, "ஒறங்குதாம்ளா, வா" என்றேன். சொன்னபடி அன்றைக்கே பஸ் ஏறினாள். கொம்பையா லாரியை விட்டுவிட்டு இப்போது இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான்.

அந்தக் கனவு இப்போது எனக்கு வருகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, அதே வளைவு, அதே பிரேக், இறங்கிப் பார்க்கிறேன், பெரியவர் சுவரில் இருக்கிறார். காலையில் கொம்பையா காப்பியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இருக்காராம்மா?" என்று கேட்பான். "இருக்காருலே" என்பேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் வேனை எடுப்பான்.

போன வாரம் வந்த கனவில் இறங்கிப் பார்த்தேன். சைக்கிள் கிடந்தது, சக்கரம் சுற்றியது, சுவர் காலியாக இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன், வண்டிக்கு அடியில் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

காலையில் அவன் டம்ளரோடு வந்தான். கை நடுங்கவில்லை. "இருக்காராம்மா?"

"இருக்காருலே. முட்டியத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு."

சிரித்துக்கொண்டே போய் வேனை எடுத்தான். வேன் தெருமுனையில் திரும்பி மறைகிறவரை நான் வாசலிலேயே நின்றேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், என் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்க நினைத்தும் எடுக்க முடியவில்லை.