மொச்சைக்கொட்டை போட்டுப் பார்த்து வாங்கிய டர்போ

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதிக்கொள்கிறாள். தன்னைப் பற்றிய இடம் வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது வேண்டாங்க அத்தை" என்கிறாள். நான் விடுவதாக இல்லை. ஜெயித்தது அவள்தானே, அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மருமகளுக்கு நாற்பத்து நான்கு வயது. நாங்கள் இருப்பது தெலுங்கு பேசுகிற ஊர், அங்கே மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர்கள் நகை, புடவை என்று ஆசைப்படுவார்கள், இவளுக்கு அந்த நீலக் கார். இரண்டே கதவு, ஜப்பான்காரன் செய்தது. பழையதாக வாங்கி வந்து, அதை மாற்று இதை மாற்று என்று பாதிக் காரை மாற்றிவிட்டாள். சீட்டு தரையோடு தரையாக இருக்கும். உட்காருவது சுலபம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு நாள் எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேனும் பால்காரரும் சேர்ந்து என்னை வெளியே எடுத்தார்கள். பால்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

அந்தக் காரில் டர்போ என்று இரண்டு உண்டு. நத்தை ஓட்டுக்குள் ஒரு காற்றாடியை வைத்த மாதிரி இருக்கும். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையிலேயே அது சுற்றும், சுற்றிக்கொண்டு எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பலம் கூடும். எனக்கு இதை விளக்க மருமகளுக்கு ஒரு மாதம் ஆனது. என் மகனுக்கோ, கல்யாணம் ஆனதிலிருந்து இன்னும் விளக்கிக்கொண்டே இருக்கிறாள்.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வருஷம் ஒரு முறை போட்டி வைப்பார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தி, வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு கூம்பையும் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. போன வருஷம் மருமகள் கடைசி. கோப்பை வாங்கிய வெள்ளைக் கார்க்காரர் எல்லோர் முன்னாலும், "மேடம், உங்க வண்டி முழிக்கிறதுக்குள்ள நாங்க டீ குடிச்சிட்டு வந்துட்டோம்" என்றார். அங்கே சிரித்தாள். வீட்டுக்கு வந்து மோர் சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். பிறகு என் மகனிடம் சொன்னாள்: "அடுத்த வருசமும் கடைசின்னா, வண்டிய வித்தறலாங்க."

நான் சமையலறையில் இருந்தேன். காதில் விழுந்தது.

இந்த வருஷம் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டர்போ இரண்டிலும் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. மாற்றித்தான் ஆக வேண்டும். எஞ்சினையே இறக்கி மாட்டுகிற வேலை. ஒரு தடவை மாட்டிவிட்டால், சரியில்லை என்று போட்டிக்கு முன்னால் திருப்பி மாற்ற நேரமில்லை.

பேகம்பேட்டில் ஒரு சந்துக்குள் மெக்கானிக் கடை. மெக்கானிக் தமிழர்தான், ஆனால் இங்கேயே பிறந்தவர். அவர் பேச்சில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கலந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய டர்போவின் பலத்துக்கு ஒரு கோடு, நடுத்தரத்துக்கு ஒரு கோடு. பெரிசின் கோடு வெகுதூரம் படுத்துக் கிடந்து, கடைசியில் கோபுரம் மாதிரி எழுந்தது. நடுத்தரத்தின் கோடு சீக்கிரமே எழுந்து, கோபுரம் அளவுக்குப் போகாமல் நின்றுவிட்டது.

"பெரிசே போடுங்க மேடம். நடுத்தரம் நக்கோ, வேண்டாம்" என்றார் மெக்கானிக்.

என் மகனும் அதையேதான் சொன்னான். "எவ்வளவு பவர்னு நாலு பேர் கேட்டா சொல்றாப்பல இருக்கோணுமில்ல?"

"கேக்கறவன் வந்து ஓட்டுவானா?" என்றேன்.

மருமகள் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்து தெரியாதே தவிர, கோடு எனக்குத் தெரியும். "இந்தப் பக்கம் போகப் போக என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"எஞ்சின் சுத்தற வேகங்க அத்தை."

"காருக்குள்ள ஒரு முள்ளு ஆடுதே, அதுவா?"

"அதேதாங்க."

"அப்ப பெரிசு எந்திரிக்கிற எடம் அந்த முள்ளுல எங்க வரும்?"

மருமகள் நேராகக் காரில் போய் உட்கார்ந்து, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து முள் ஆடுகிற வட்டக் கண்ணாடி மேல் ஒட்டினாள். "இங்கீங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு பயிற்சிக்குப் பழைய டர்போவே தாங்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதே மைதானத்தில் கூம்பு வைத்தார்கள். ஓட்டுகிறவள் முள்ளைப் பார்த்தால் கூம்பைத் தட்டிவிடுவாள். ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெல்மெட் என் கொண்டைக்கு மேல் இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட வேண்டியதாயிற்று. பின்னல் போட்டு எத்தனை வருஷம் ஆகிறது. மகன் போட்டோ எடுத்தான், நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மடி நிறைய மொச்சைக்கொட்டை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுருக்குப்பை. வளைவு முடிந்து அவள் காலை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்ப்பேன். பொட்டைத் தாண்டினால் வலது பையில் ஒன்று, தாண்டாவிட்டால் இடது பையில் ஒன்று. ஐந்து சுற்று. வயிறு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், ஆனால் ஒரு கொட்டையைக்கூடத் தவறவிடவில்லை.

மெக்கானிக் மேஜையில் இரண்டு பையையும் கவிழ்த்தேன். வலது பையிலிருந்து விழுந்தது ஐந்தே ஐந்து. சுற்றுக்கு ஒன்று. இருக்கிற ஒரே நேர் பாதையில் விழுந்தவை. இடது பையிலிருந்து விழுந்தது இரண்டு கை கொள்ளாமல் இருக்கும்.

"அவ குடியிருக்கற எடம் இது" என்று பெரிய குவியலைக் காட்டினேன். "நீங்க கோபுரத்துல ஊடு பாக்கறீங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஹவ் மா, ஆமா. இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பதிவாயிருக்கும்."

"இருந்துச்சு. ஆரு பாத்தீங்க?"

மருமகள் நகத்தை வாயிலிருந்து எடுத்தாள். "நடுத்தரமே போடுங்க" என்றாள். மகன் பவர் நம்பர் போச்சே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். அந்த மொச்சையைக் கழுவி ஊறவைத்துக் குழம்பு வைத்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

போட்டியன்று வெயிலில் கண் கூசியது. வெள்ளைக் கார் முதலில் போய் நல்ல நேரம் போட்டது. பிறகு நீலம். முதல் வளைவைத் தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் வளைவு முடிந்ததும் கார் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். இந்த வருஷம் அவள் கால் நினைத்ததும் கிளம்பியது. நேர் பாதையில் வெள்ளைக் கார் அளவுக்கு ஓடவில்லை, அது நிஜம். ஆனால் நேர் பாதை ஒன்றுதானே. ஒரு கூம்புகூட அசையவில்லை. ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னபோது என் மகன் என்னைத் தூக்கிவிட்டான். எண்பது கிலோ நான்.

கோப்பை மருமகளுக்கு.

வெள்ளைக் கார்க்காரர் வந்தார். கைகொடுத்துவிட்டு, "எவ்வளவு பவர் மேடம்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருடையதைவிடக் குறைவு. மனிதர் நம்பவில்லை, காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். முள் ஆடுகிற கண்ணாடியில் பொட்டு அப்படியே இருந்தது.

"இது என்ன?"

"எங்க அத்தையக் கேளுங்க" என்றாள்.

நான் சொன்னேன், பொட்டிலிருந்து குழம்பு வரைக்கும். அவர் நின்று கேட்டார். கடைசியில், "அம்மா, ஒரு நாள் என் வண்டியிலயும் உக்காந்து பாருங்களேன்" என்றார்.

"உக்காருவேன் கண்ணு. ஆனா எங்க பால்காரரையும் கூட்டிட்டு வரோணும்" என்றேன்.