எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன சனிக்கிழமை

போன வருஷம் ஆடி முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை காலையில், நானும் என் மச்சானும் விளாங்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். சிறுமலைப் பக்கம் காட்டுக்குள் ஓர் அருவி இருப்பதாக அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அங்க எண்ணெய், சோப்பு எதையும் உள்ள விடமாட்டாங்க மாப்ள. வீட்லயே தேச்சுட்டுப் போயிட்டா என்ன செய்வாங்க?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மனைவி புளிச்சோறு கட்டிக்கொண்டாள். அவள் மட்டும் வீட்டிலேயே குளித்துவிட்டாள். காரணம் கேட்டதற்குச் சும்மாதான் என்றாள்.

மச்சானின் காரில் சீட்டு மேல் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து போனோம். இறங்கும்போது தாளும் எங்களோடு இறங்கியது.

காட்டின் நுழைவாயிலில் காவலர் பையைச் சோதித்து, சோப்பையும் சீயக்காய்ப் பொடியையும் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அரை மணி நேரம் கல் பாதையில் ஏறினோம். அருவி இருக்க வேண்டிய இடத்தில் உயரமான பாறை இருந்தது. தண்ணீர் விழும் தடம் கறுப்பாக இருந்தது. மச்சான் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

திரும்பி வந்தபோது மச்சான் காவலரிடம் கேட்டார்: "ஏண்ணே, தண்ணி இல்லைன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே. எடம் பாக்க வந்திருக்கீகன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சோப்பையும் சீயக்காயையும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது. அடிவாரத்தைத் தாண்டியதும் ஒரு வாழைத்தோப்பில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி இல்லை, தண்ணீர் குழாயிலிருந்து நேராக வாய்க்காலில் விழுந்தது. களை வெட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் என் மனைவி போய்க் கேட்டாள்: "அக்கா, இவுக ரெண்டு பேரும் குளிச்சுக்கிறட்டுமா?"

அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். "இம்புட்டு எண்ணெயோட எங்க கெளம்புனீக?"

"அருவிக்கு."

"அங்க ஏது தண்ணி?"

"இப்பத்தான் தெரிஞ்சுச்சுக்கா."

சீயக்காய் போடலாம், சோப்பு கூடாது என்று சொல்லிவிட்டார். நான் முதலில் குளித்தேன். முதுகில் தண்ணீர் அறைந்தபோது என்னை அறியாமல் கத்திவிட்டேன். அம்புட்டு சுகம். அடுத்து மச்சான் தலையிலும் முகத்திலும் சீயக்காயை அப்பிக்கொண்டு குனிந்தார். கரண்டு போய்விட்டது.

"எப்ப வரும்?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"மூணு மணிக்கு மேல வரும்" என்ற அம்மாள், வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிப் போனார். காரில் இருந்த பாட்டில் தண்ணீரைத் தர என் மனைவி மறுத்துவிட்டாள். அது சாப்பிடும்போது குடிக்க.

மச்சான் வரப்பில் உட்கார்ந்தார். "மாப்ள, இங்கேருந்து மலை தெரியுதா?" என்றார்.

"தெரியுது மச்சான்."

"எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு. உச்சியில ஒரு மேகம் உக்காந்திருக்கு."

"மழை மேகமா?"

"இல்ல, வெள்ளை."

தலையை ஆட்டிக்கொண்டார். குடம் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவருக்கு மலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.