விரல் கொடுத்த அன்று

எங்கள் ஊர் ஓசூருக்கு மேற்கே, மைசூர் எல்லையை ஒட்டி இருந்தது. அப்போது அதெல்லாம் சேலம் ஜில்லா. வீட்டுக்குள் கன்னடம், வெளியாட்களிடம் தமிழ். நாங்கள் மொரசு ஒக்கலிகர், ராகி விதைத்துப் பிழைக்கிற குடியானவர்கள். எங்களில் தலைப்பிள்ளைக்குக் காது குத்துமுன் அதன் தாய் சாமிக்கு விரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை குலத்தில் சேர்த்தியில்லை. முன்காலத்தில் நிஜமாகவே விரல் நுனியை வெட்டினார்களாம். வெள்ளைக்காரன் நிறுத்திய பிறகு அது வெறும் சாங்கியமாகிவிட்டது. ஆறு வயதில் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

காலையில் அத்தை மஞ்சள் தண்ணீரில் ஓர் உளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"உங்கம்மா வெரலுக்குடி. நீ கம்மல் போட்டுக்கிட்டு ஜம்முனு திரிய வேணாமா?"

கம்மலே வேண்டாம் என்று அழுதேன். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று மாமன் வெல்லம் கொடுத்தார். வெல்லத்தை வாங்கிக்கொண்டு மறுபடி அழுதேன்.

வயலோரம் சாமிக் கல்லுக்கு முன்னால் ஆசாரி பலகை போட்டார். அம்மா மடியில் உட்கார்ந்த நான் அவளுடைய கடைசி இரண்டு விரல்களையும் கைக்குள் பிடித்துக்கொண்டேன். அப்பா இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை.

"நல்ல நேரம் போவுது கவுடரே," என்றார் ஆசாரி.

அம்மா என்னை அதட்டவில்லை. "இருக்கட்டும். நுனி தெரியுதில்ல, அதுல சுத்துங்க," என்றாள். அவர் அங்கே பூச்சரத்தைச் சுற்றி, மெல்ல உருவிப் பலகையில் வைத்து, உளியால் ஒரு போடு போட்டார். பூதான் சிதறியது. நான் அம்மாவின் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் காது குத்தியதே உறைக்கவில்லை.

சாப்பிடும்போது அப்பா எனக்குக் கதை சொன்னார். அசுரனுக்குப் பயந்து வயலில் ஒளிந்த சிவனை, எங்கள் குடியானவன் ஒருவன் சுண்டுவிரலால் காட்டிக்கொடுத்துவிட்டான். அந்த விரலை வெட்ட சிவன் வந்தபோது, அவன் பெண்டாட்டி குறுக்கே விழுந்து தன் விரல்களைக் கொடுத்தாளாம்.

"அவன் வெரல் போனா ஏரு யாரு புடிக்கிறது? நம்ம பொம்பளைங்க அப்படி," என்றார் அப்பா பெருமையாக.

களி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஏருக்கு வெரல் வேணும், சரி. களை பறிக்கிறது எதாலயாம்?" என்றாள்.

அத்தை, நிறைந்திருந்த சொம்பில் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். ராகிக் கொல்லையில் களை மண்டிக் கிடந்தது எனக்கும் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கவலை என்று நினைத்து, நாளைக்கு நானும் களை பறிக்க வருகிறேன் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.