சத்தம் நின்ற காட்சி

முதல் படம் வந்தபோது என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த பாகங்களையும் திருப்பதிக்குப் போய் இருவருமாகத்தான் பார்த்தோம். தெலுங்கில்தான் பார்க்க வேண்டும். வசனம் தமிழில் சப்பென்று இருக்கிறது என்பாள். பாகத்துக்குப் பாகம் படம் மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் நாயகன் மேம்பாலத்திலிருந்து லாரிமேல் குதித்து, சட்டையைத் தட்டிவிட்டு நடந்தான்.

“இன்னா நைனா, இவனுக்கு எலும்பே கெடையாதா?” என்று சிரித்தாள்.

இப்போது அதே கதையைப் புதிய நடிகரை வைத்து முதலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாக வெளியே கிளம்பியது இதற்குத்தான். வேலைக்கு ஸ்கூட்டரில் போனவளை, நாராயணவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்திலேயே கார் இடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. திங்கட்கிழமை முதல் மறுபடியும் ஸ்கூட்டரில்தான் போவேன் என்கிறாள். வேண்டாம், கம்பெனி பஸ்ஸில் போ என்று நான் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

அவள் பிழைத்ததற்காகத் திருமலையில் முடி கொடுத்திருந்தேன். திருப்பதித் தியேட்டரில் பாதிப் பேர் மொட்டைதான். யாரும் காரணம் கேட்கவில்லை.

படம் நன்றாகவே இருந்தது. நாயகன் பைக்கிலிருந்து விழுந்ததும் சத்தம் அடியோடு நின்றது. திரையில் ஆட்கள் வாயசைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று ஒரே விசில்.

“சவுண்டு பெட்றா!” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் வைக்கச் சொல்லித் தெலுங்கில் ஆபரேட்டரைத் திட்டினார். நானும் சேர்ந்து கத்தினேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “கெடல, நைனா. அப்டித்தான் இருக்கும்.”

“எதும்மா?”

“உழுந்தா. அன்னிக்கி எல்லாரும் ஓடியாந்தாங்க. வாய் மட்டும் ஆடிக்கினு இருந்துச்சு. நீ வந்து பேசுனியே, அதுகூட கேக்கல.”

அன்று அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நைனா வந்துட்டேன், நைனா வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் கேட்டுத்தான் கண் திறந்தாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அதன்பின் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்தேன். வடமாலப்பேட்டை, புத்தூர் எல்லாம் நிதானமாகவே ஓட்டினாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பம் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினாள்.

“நீ ஓட்டு, நைனா.”

நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். இறங்கி முன்னால் போனேன். அவள் விரல்கள் பிரேக்கை விடவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.