சாக வேண்டிய நெல்

வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, இரும்புத் தூணை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டுவிட்டுத்தான் செல்லத்தாய் நிழல்வலைக் கூடாரத்துக்குள் நுழைவாள். பின்னால் வருகிறவர்களும் தொட்டாக வேண்டும். கைப்பேசி வெளியே இருக்க வேண்டும். வாசலில் தண்ணீர் நிரப்பிய வாளிகள் வரிசையாக நிற்க வேண்டும். உள்ளே யாராவது தொட்டியைத் தரையோடு இழுத்தால் போச்சு. "இழுக்காதீக, தூக்கி வைங்க. உரசினா பத்திக்கிடும்" என்பாள். பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீரும் நெல் நாற்றும்தான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவள். தூரத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் யார் வீட்டு ஆளோ என்று நெஞ்சு பதறிப் பதறி அலுத்துப்போனவள். விருதுநகருக்கு வெளியே ஒரு விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை என்றதும், சீசன் நடுவிலேயே கம்பெனியை விட்டுவிட்டு வந்தாள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே போகிற அந்தக் கம்பெனிப் பழக்கங்களை மட்டும் அங்கேயே விட்டுவர முடியவில்லை.

பண்ணையின் வேலை விசித்திரமானது. எங்கோ தண்ணீர் தேங்கி, மண்ணில் இரும்பு மிஞ்சி, நெல்லின் இலை பழுப்பேறிச் சாகிற வயல்கள் இருக்கின்றன. அதைத் தாங்கும் ரகம் எது என்று கண்டுபிடிக்க, மழை எட்டிப் பார்க்க யோசிக்கிற இந்தக் கரிசலில் தொட்டிகளில் நாற்றை வைத்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து மருந்தாக ஊற்றுகிறார்கள். தாங்குவது பிழைக்கும், மற்றது கருகும். கடைசித் தொட்டியில், நிச்சயம் சாகக்கூடிய ரகம் ஒன்றையும் வைப்பார்கள். அது செத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். செல்லத்தாய் அதற்கு நோஞ்சான் என்று பெயர் வைத்திருந்தாள். "இரும்புத்தூளு மத்தாப்புல எம்புட்டு அழகாப் பூக்குது. ஒனக்கு மட்டும் ஏன் சேர மாட்டேங்குது?" என்று அதனிடமே கேட்பாள்.

போன பருவத்தில் நோஞ்சான் சாகவில்லை. வேறு எதுவுமே சாகவில்லை. கூடாரமே கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் பச்சைப்பசேலென்று நின்றது. ஆராய்ச்சியாளர் கற்பகவல்லி முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு சந்தேகப்பட்டார். அன்னபேதி விற்ற கடைக்காரரைப் போனில் பிடிபிடியென்று பிடித்தார். கடைசியாகத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தார். மருந்து பேருக்குத்தான் இருந்தது.

"அக்கா, தொட்டியில யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

"நாந்தான் ஊத்துனேன் மேடம்." பரிசு கிடைக்கப்போகிறவள் முகத்தோடுதான் சொன்னாள். "இலை கருகுச்சு. கருகல் தெரிஞ்சா மொதல்ல தண்ணிய ஊத்து, பொறவு ஆளக் கூப்பிடுன்னுதான் கம்பெனில சொல்லிக் குடுத்தாக."

"ஆளக் கூப்பிடவே இல்லையேக்கா."

"அதான் அணைஞ்சிருச்சுல்ல."

கற்பகவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கோபப்படத்தான் முயன்றார், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னார். மறுபடி வைக்கும் நாற்றிலும் முடிவு தெரியவில்லை என்றால் மேலிடம் கூடாரத்தை மூடிவிடும். செல்லத்தாய்க்குப் பழையபடி பட்டாசுக் கம்பெனி வேன்தான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுக்க யாரையும் தூணைத் தொடச் சொல்லவில்லை.

புது நாற்று வைத்தார்கள். இலையில் பழுப்புப் புள்ளி விழத் தொடங்கியதும் அவளுக்குக் கை பரபரத்தது. வாளிகளைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் காவலாளி பெத்தணனின் அறையில் வைத்துப் பூட்டச் சொன்னாள். "நானே வந்து கேட்டாலும் தண்ணியக் குடுத்துறாதீக அண்ணாச்சி." பெத்தணன் சொன்ன சொல் தவறாதவர். மத்தியானம் அவள் குடிக்கக் கேட்டதற்கும் கொடுக்கவில்லை.

இன்று காலை மறுபடி மருந்து ஊற்றும் முறை. ஒவ்வொரு தொட்டியாக ஊற்றிக்கொண்டே வந்தவள், நோஞ்சானிடம் வந்ததும் நின்றுவிட்டாள். பாதி இலை கருகித் தொங்கியது. கற்பகவல்லி கூடாரத்தின் அந்தக் கோடியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் குவளையைத் துளியும் குறைக்காமல் சரித்தாள். பிறகு குனிந்து அந்த இலையைத் தொட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.